மரபணு தீர்ப்புச் சொல்லுமா?

நல்லது செய்யும் குணம் நமது பிறப்பிலேயே ஊறியது என்று உயிரியலாளர் கூறுகின்றனர். 1964இல் ஹமில்டன் இரத்த உறவுக்காகச் செய்யும் தியாகத்துக்குக் கணக்குச் சொன்னார். 1971இல் ட்ரிவேர்ஸ் கைம்மாறு கருதிய உதவியை விளக்கினார். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், கம்பளையில் இருந்து யோசிப்பவனுக்கு ஒரு கேள்வி எஞ்சுகின்றது.

எங்கள் ஊரின் வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா, பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் அடிக்கலாமா என்ற பிணக்கு நீதிமன்றம் சென்றது. கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் மூண்ட கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தாக்கியோரிற் பலர் தம்மவரைக் காப்பதாகவே நம்பியிருப்பர்.

2025 நவம்பரில், டித்வா புயலின்போது, மகாவலி பெருகிக் கம்பளைக்குள் புகுந்தது. அப்போது சோற்றுப் பொதி நீட்டிய கைகள் வாங்கியவரின் மதத்தைக் கேட்கவில்லை.

இரண்டுக்கும் வேர் பரிணாமமே என்றால், இவற்றுள் எது சரி என்பதை அந்த வேர் எவ்வாறு சொல்லும்? ஊற்று எங்கே என்பது வேறு. நீர் குடிக்கத் தக்கதா என்பது வேறு. டார்வினுக்காக வாதாடிய ஹக்ஸ்லியே 1893இல் ஒக்ஸ்போர்ட் உரையில், இயற்கையின் போக்கை எதிர்த்து நிற்பதே அறத்தின் வளர்ச்சி என்றார்.

தம்மவர் என்ற வட்டத்தை எவ்வளவு அகலமாகப் போடுவது என்பதை மரபணு நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்காது. அதை நாம்தான் கற்பிக்க வேண்டும்.