மருந்தின் விலையும் பெயரின் விலையும்

சிக்கனம் என்பது நமது சீமையார்க்குப் பிறர் புகட்ட வேண்டிய பாடமன்று. வானம் பார்த்த கரிசல் மண்ணில் பிறந்து, மழை பொய்த்த ஆண்டுகளை வாணிகத்தாலும் கைத்தொழிலாலும் கடந்து வந்தவர் விருதுநகர் வட்டாரத்தார். எண்ணெய், பருப்பு, வற்றல் ஆகியவற்றின் விலையைக் காசு கணக்காக அறியும் விருதுநகர்ச் சந்தையும், ஒரு தீப்பெட்டியை 2007 முதல் 2021 நவம்பர் முடிய ஒரே ரூபாய்க்கு விற்றுத் தொழிலைக் காத்த சிவகாசியும் அதற்குச் சான்றாம். எனினும் மருந்துக் கடையின் வாயிலில் மட்டும் நம்மவர் சிக்கனம் தலைகீழாகி விடுகின்றது. அங்கே மருந்தின் அளவைக் குறைக்கின்றனர். பெயருக்காகக் கொடுக்கும் விலையைக் குறைக்க முயல்வதில்லை. இம்முறை மாற வேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது.

முப்பது மாத்திரை எழுதப்பட்ட இடத்தில் பதினைந்து வாங்குதலும், நாளொன்றுக்கு இரண்டு என்றதை ஒன்றாக்குதலும், தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் மருந்தை அறவே நிறுத்துதலும் ஏழைக் குடும்பங்களில் நிகழ்வன. இதைக் கண்டு நகைப்பவன் அவர்தம் கணக்கை அறியாதவன். வாரக்கூலி வந்ததும் அரிசிக்கும் கடனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் பகுத்தபின் எஞ்சுவதே மருந்துக்கு ஆகும். ஆனால் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் நோவு காட்டாமல் உள்ளிருந்தே உடம்பை அரிப்பவை. மருந்து நின்றதை அவை உடனே அறிவிப்பதில்லை. பின்னொரு நாள் பக்கவாதமாகவோ சிறுநீரகக் கேடாகவோ வந்து மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும். க்ஷயரோகத்திற்குரிய மருந்தை இடையில் விட்டாலோ, நோய்க்கிருமி அம்மருந்துக்கு அடங்காத வலிமை பெற்று அண்டை வீட்டாரையும் பற்றும். ஆகவே அளவைக் குறைத்தலைச் சிக்கனமென்று எண்ணுதல் தகாது. அது பன்மடங்கு வட்டிக்கு வாங்கும் கடனேயாம்.

அங்ஙனமாயின் குறைக்கத்தக்கது யாது? அதனை விளங்கிக்கொள்ளச் சிவகாசியாரினும் தகுதியுடையார் எவருமிலர். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று மீண்டனர். அத்தொழிலைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. மயிலும் மானும் விமானமும் பூவும் வரைந்த லேபிள்களை இவ்வூர் அச்சகங்கள் வண்ண வண்ணமாக அச்சிட்டுக் குவித்தன. ஒரே ஆலையின் குச்சி பல படங்களைத் தாங்கிப் பல ஊர்களுக்குச் செல்வதை இங்குள்ள சிறுவரும் அறிவர். படம் வேறு, உள்ளிருக்கும் குச்சி வேறு என்னும் இவ்வறிவு மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்தவுடன் எங்கே மறைந்துவிடுகின்றது என்பது தான் வியப்பு.

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் மூலப்பெயர். மற்றொன்று அதனைச் செய்யும் கம்பெனி சூட்டிய வணிகப்பெயர். நீரிழிவுக்குரிய மெட்பார்மின், இரத்தக் கொதிப்புக்குரிய அம்லோடிபின், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை மூலப்பெயர்கள். இம்மூன்றையும் எண்ணற்ற கம்பெனிகள் எண்ணற்ற வணிகப்பெயர்களில் விற்கின்றன. உள்ளிருக்கும் சரக்கு ஒன்றாக இருந்தும், பெயருக்கேற்ப விலை ஏறியும் இறங்கியும் நிற்கின்றது. அப்பெயரை வைத்தியர் மனத்தில் பதியவைக்க ஆகும் விளம்பரச் செலவையும், இடைநின்றோர் இலாபத்தையும் ஈற்றில் கொடுப்பவன் நோயாளியே.

இத்தனை கம்பெனிகள் ஒரே மருந்தைச் செய்வது எப்படி எனில், அதற்கு 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பெருங்காரணமாயிற்று. அச்சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை கொடாது, செய்முறைக்கே கொடுத்தது. வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்யும் திறன் நம் நாட்டில் தழைத்தது. உலக வாணிப உடன்படிக்கையின் பயனாய் 2005இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. எனினும் பொதுநலம் கருதி அதனைத் தளர்த்தும் வழியும் சட்டத்தில் உளது. பேயர் கம்பெனியின் நெக்சவார் என்னும் புற்றுநோய் மருந்து மாதமொன்றுக்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்தபோது, 2012 மார்ச்சில் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. அதன்படி அம்மருந்தின் விலை மாதத்திற்கு 8,880 ரூபாய்க்கு மிகாதென வரையறுக்கப்பட்டது. மருந்தின் விலைக்கும் தனியுரிமையின் விலைக்கும் உள்ள இடைவெளியை இவ்வொரு கணக்கே காட்டிவிடும்.

இனி நோயாளி செய்யக்கூடியது என்ன? மற்றப் பண்டங்களை நாமே தேர்ந்து வாங்குகின்றோம். மருந்தையோ ஒருவர் தேர, மற்றொருவர் விற்க, நாம் பணம் மட்டும் கொடுக்கின்றோம். வைத்தியர் வணிகப்பெயர் எழுதிக் கொடுத்தால், அவர் இசைவின்றி அதே சரக்குடைய வேறொன்றை மாற்றிக் கொடுக்கக் கடைக்காரருக்கு 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடந்தருவதில்லை. எனவே பூட்டின் திறவுகோல் வைத்தியரின் எழுதுகோலில் இருக்கின்றது. வணிகப்பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமென ஹாத்தி குழு 1975இலேயே பரிந்துரைத்தது. மூலப்பெயரால் தெளிவாக எழுதுமாறு இந்திய மருத்துவக் கழகம் 2016இல் தன் ஒழுக்க விதியைத் திருத்திற்று. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதனை வலியுறுத்தி வெளியிட்ட விதிகளோ, எதிர்ப்பெழவே அம்மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. மேலிருந்து வரும் விதிக்காகக் காத்திராமல், "ஐயா, மூலப்பெயரால் எழுதித் தாருங்கள்" என்று வைத்தியரைப் பணிவுடன் கேட்பதே இப்போதைக்கு நம் கையிலுள்ள வழி. கேட்பது அவமரியாதையாகாது, நல்ல வைத்தியர் எவரும் அதற்குச் சினவார்.

மூலப்பெயர்ச் சீட்டைக் கொண்டு செல்லவும் இடங்கள் உள. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008இல் தோன்றின. அவற்றின் விலை வணிகப்பெயர் மருந்துகளினும் 50 முதல் 80 விழுக்காடு குறைவென அரசு கணக்குரைக்கின்றது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24ஆம் நாள் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. விலையே கொடாது பெறுதற்கு அரசு மருத்துவமனைகள் உள. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப் பெற்றது. ஆலைத் தொழிலாளர்க்குச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அவ்வேற்பாட்டில் பெறும் மருந்து தானமன்று. தம் கூலியிலிருந்தும் முதலாளியிடமிருந்தும் செலுத்தப்பட்ட தொகைக்குரிய உரிமையாகும்.

"மலிந்த மருந்து மட்டமான மருந்து" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி கேட்கும் ஐயம். ஐயம் நியாயமானதே, விடையும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றது. 1994இல் நிறுவப்பட்டு 1995 ஜனவரியில் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மூலப்பெயரால் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகின்றது. வந்த சரக்கைக் கிடங்கில் தனித்து வைத்து, மாதிரிகளை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பித் தேறிய பின்னரே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கின்றது. இம்முறையை முன்மாதிரியாகக் கொண்டு இராஜஸ்தான் அரசு 2011 அக்டோபர் 2ஆம் நாள் தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கிற்று. மருந்தின் தரத்தைக் காப்பது சோதனையேயன்றி விலையன்று. விலை உயர்ந்த பெயருக்கும் அச்சோதனை வேண்டியதே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வலிப்புக்கும் தைராய்டுக்கும் உரிய மருந்துகளையும், இரத்தம் உறையாமல் காப்பனவற்றையும் ஒரு கம்பெனியினின்று மற்றொன்றுக்கு மாற்றுமுன் வைத்தியரைக் கலந்தே தீரவேண்டும். அவற்றில் சிறு வேறுபாடும் பெருந்தீங்கு பயக்கும். மேலும், அரசு மருத்துவமனையில் ஒரு முற்பகல் காத்திருந்தால் ஒரு நாட்கூலி போகின்றது என்னும் முறையீட்டையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. இலவச மருந்துக்குக் கூலியை விலையாகக் கொடுப்பவனுக்கு அது இலவசமாகாது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்க 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதன் கருத்து இதுவே. வேலை முடிந்த மாலையிலும் ஆலைகளின் விடுமுறை நாளிலும் மருந்து கொடுக்கும் இடங்கள் இவ்வட்டாரத்தில் பெருகவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.

நமது கலாசாலைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்போர் இருக்கலாம். நோய் தீர்க்கும் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் வகுத்தார் திருவள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன். அந்த நான்காம் இடம் நமக்குரியது. மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெற்றோரின் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிறிதாக அச்சிட்டிருப்பினும் மூலப்பெயரையும் அளவையும் கண்டெடுத்து, ஒரு தாளில் தெளிவாக எழுதி வையுங்கள். அத்தாளுடன் அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எழுத்தறியாத அண்டை வீட்டார்க்கும் அவ்வாறே செய்யுங்கள். பழைய மாணவருள் வைத்தியராய் இருப்போர் மூலப்பெயரால் எழுதுக. மருந்துக்கடை நடத்துவோர் விலை குறைந்ததையும் கண்முன் வைக்க. ஆலை நடத்துவோர் தம் தொழிலாளர் ஒருவரையும் விடாது இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்க.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்ற அதே 1922இல் தான் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தப்பட்டது. அதனைக் கண்டோர் மறு ஆண்டில் தம் உரிமையை ஆளுக்கொரு டாலர் பெற்று அந்நகரச் சர்வகலாசாலைக்கு அளித்துவிட்டனர். அவ்வளவு பெரிய தியாகத்தை இன்று எவரும் நம்மிடம் கேட்கவில்லை. ஒரு சீட்டைப் படித்து, ஒரு கேள்வியைக் கேட்கும் சிறு முயற்சியையே நம் வீட்டு முதியோர் எதிர்நோக்கி இருக்கின்றனர். அம்முயற்சியால் முப்பது மாத்திரைக்குரியவர் முப்பதையும் உண்பாராயின், நாம் கற்ற கல்வி அவ்வளவுக்கேனும் பயன்பட்டதாகும்.