பரிசலில் குழந்தை: திட்டினால் போதுமா?

2014 மார்ச். ‘ரெபல் ஹார்ட்’ பாய்மரப் படகில் இரண்டு குழந்தைகளுடன் கிளம்பியது ஓர் அமெரிக்கக் குடும்பம். நடுப் பசிபிக்கில் ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போக, கடற்படை வந்து மீட்டது. ‘கைக்குழந்தையோட கடலுக்கா?’ என்று பெற்றோருக்கு ஏகப்பட்ட திட்டு.

அவர்களுக்கு அது ஆசை. காவிரியில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு அது பிழைப்பு. கணவர் வலை விட, மனைவி துடுப்புப் போட்டால், குழந்தையை யாரிடம் விட்டுட்டுப் போறது?

ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் ஆறும் லேசுப்பட்டதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் டூரிஸ்ட்டுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டு. மீனவர் குழந்தைக்கும் மீன்வளத் துறை கொடுக்கட்டும், குழந்தை சைஸில். பெரியவங்க ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.