சிறுதேர் செய்வோர்

மக்கள் செய்யும் தொழில்களுள் பெரியவை சில, சிறியவை சில என்று உலகம் வகுத்து வைத்துள்ளது. கோயில் எடுப்பித்தவனையும் அணை கட்டியவனையும் போற்றும் நாம், குழந்தைக்குப் பம்பரம் கடைந்து கொடுப்போனை அங்ஙனம் போற்றுவதில்லை. ‘விளையாட்டுப் பொருள்தானே!’ என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆயினும், குழந்தை முதன்முதலாகக் கற்கும் நூல் அதன் கையிலுள்ள விளையாட்டுப் பொருளே ஆகும். உருண்டை உருளும், சதுரம் நிற்கும், மேலே கனம் மிகுந்தால் கீழே சாயும் என்னும் இயற்கை நெறிகளை எழுத்தறிவதற்கு முன்பே குழந்தை தன் கையால் அறிந்துகொள்கிறது. அத்தகைய நூலை ஆக்குவோன் தொழில் எங்ஙனம் சிறுதொழில் ஆகும்? அத்தொழிலைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து இளைஞர் மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வேண்டுவன யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

பழந்தமிழர் இத்தொழிலின் அருமையை அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் என்னும் புலவர், தச்சன் செய்த சிறுதேர் ஒன்றை உவமையாக எடுத்தாள்கிறார். அத்தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுகின்றனர் என்பது அவர் கண்ட காட்சி. புலவர் தேரைக் கண்டதோடு நில்லாமல், குழந்தை அத்தேரைக் கொண்டு என்ன செய்கிறது என்பதையும் கூர்ந்து கண்டார். விளையாட்டுப் பொருள் செய்வோனுக்கு வேண்டிய முதற் பண்பு இதுவேயாகும். இன்றும் நம் ஊர்களில் நடை பழகும் குழந்தைக்குத் தச்சர் செய்து தரும் நடைவண்டி மூன்று சக்கரங்களை உடையது. பட்டினப்பாலைச் சிறுவர் உருட்டிய தேரை அது நமக்கு நினைவூட்டுகின்றது.

விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமாயிற்று கள்ளக்குறிச்சி. அங்குள்ள மரச்சிற்பிகளின் கைத்திறன் நாடறிந்தது. தெய்வத் திருவுருவங்களும், கதவுகளுக்கு அழகு செய்யும் சிற்பங்களும் அவர்தம் உளிமுனையில் உருப்பெறுகின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் சிறப்பு அது தோன்றிய ஊரோடு பிரிக்க இயலாதபடி இணைந்தது என்று அரசு ஏற்றுக்கொள்வதே புவிசார் குறியீடு. இஃது அவ்வூரார்க்குப் பெருமை தருவதொன்று. ஆயினும், பெருஞ்சிலைகளை வாங்குவோர் சிலரே. அவர்களும் நாள்தோறும் வருவதில்லை. குழந்தைகளோ ஒவ்வொரு வீட்டிலும் உள்ளனர். ஒரு சிலை செய்து முடிந்தபின் பட்டறைத் தரையில் எஞ்சிக் கிடக்கும் கட்டைத் துண்டுகளைக் காணுங்கள். சிலைக்குப் பயன்படாத அத்துண்டில் ஒரு தேர்ச் சக்கரம் ஒளிந்திருக்கிறது. மற்றொன்றில் ஒரு யானைக்குட்டி ஒளிந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அம்மலையில் கோமுகி ஆறு பிறக்கின்றது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்ந்து வருகின்றனர். கல்வராயன் மலைக் கடுக்காய் பெயர்பெற்றது. கடுக்காய் நீரில் படிகாரம் சேர்ந்தால் மஞ்சள் நிறமும், இரும்பு சேர்ந்தால் கருநிறமும் தோன்றுவதைச் சாயத் தொழிலோர் அறிவர். கடையில் விற்கும் கண்பறிக்கும் சாயங்களை நாடுமுன், நம் மலை தரும் நிறங்களை ஆய்ந்து பார்த்தல் நன்று. ஆயின், குழந்தை எதனையும் வாயில் வைத்துப் பார்க்கும் இயல்புடையது. ஆதலின், மரத்தில் பிறந்த நிறமாயினும் அதன் தன்மையை முறைப்படி ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே பூசுதல் வேண்டும்.

மரத்தையும் நிறத்தையும் கொண்டே புகழ்பெற்ற ஊர் ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உள்ளது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள சன்னபட்டணமே அவ்வூர். அங்குள்ளோர் வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழற்றுகின்றனர். சுழலும் மரத்தின்மீது நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துகின்றனர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் படிகின்றது. பின்னர்த் தாழை மடலால் தேய்க்க, அது கண்ணாடிபோல் மின்னுகின்றது. அவ்வூர்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவையே. வெட்பாலை தமிழகத்திலும் வளரும் மரம். காப்புக்காட்டில் கைவைத்தல் குற்றமாதலின், அதனை உழவர் தம் வரப்போரங்களில் நட்டு வளர்த்தல் தகும். அங்ஙனம் செய்தால் மலையிலும் அடிவாரத்திலும் வாழ்வோர்க்கு மரத்தினால் ஒரு வருவாயும், பட்டறைகளுக்குத் தடையின்றி மரமும் கிடைக்கும்.

‘தெய்வ வடிவம் செதுக்கிய கையால் கிலுகிலுப்பை செய்வதா?’ என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவிற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் இயலாது. சிலை செய்தலும் பொம்மை செய்தலும் ஒன்றே என்று நான் கூறவில்லை. சிற்பி ஒரு சிலையை ஒருமுறை செய்கிறான். அதுபோன்ற மற்றொன்று இல்லாமையே அதன் சிறப்பு. பொம்மை செய்வோன் ஒரே சக்கரத்தை நூறு முறை செய்தல் வேண்டும். நூறும் ஒன்றுபோல் உருளுதல் வேண்டும். சிலையைப் பார்ப்போர் கை கூப்பி நிற்பர். பொம்மையைப் பெற்ற குழந்தையோ அதனை இழுக்கும், எறியும், கடிக்கும், மேலே ஏறி அமரும். இவ்வளவையும் தாங்கும் பொருளைச் செய்தல் எளிய செயலன்று. எனவே, சிலையினின்று பொம்மைக்கு வருவோன் கீழே இறங்குவதாக எண்ண வேண்டுவதில்லை. மற்றொரு கலையில் மாணவனாகச் சேர்கிறான் என்பதே உண்மை. அக்கலையில் அவனுக்கு ஆசான் குழந்தையே.

புதிய பொம்மையைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? முதலில் ஒரு பொம்மையைச் செய்து குழந்தையிடம் கொடுங்கள். பின்னர் வாய் திறவாது அருகில் இருந்து பாருங்கள். ‘இப்படி விளையாடு’ என்று கற்பியாதீர்கள். குழந்தை சக்கரத்தைக் கழற்றப் பார்க்கின்றதா? அவ்வாறாயின் அது கழற்றி மாட்டும் பொருளை விரும்புகிறது. பின்னால் தள்ளாமல் முன்னால் இழுக்கின்றதா? கயிறு கட்டும் துளை வேண்டும் என்று அது சொல்லாமற் சொல்கிறது. ஒரு நாழிகையில் சலித்து எறிந்துவிட்டதா? அதுவும் ஒரு விடையே. பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி, திருத்திச் செய்து, மீண்டும் கொடுத்தல் வேண்டும்.

இம்முயற்சிக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு டென்மார்க்கு நாட்டுத் தச்சர் ஒருவர் குடும்பத்தின் வரலாறு சான்றாகும். பில்லுண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓலே கிர்க் கிறித்தியான்சென், உலகமெங்கும் பொருள்முடை நிலவிய 1932ஆம் ஆண்டில் வீடுகட்டும் வேலை அருகிப்போகவே, மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ எனப் பெயரிட்டார். ‘நன்றாக விளையாடு’ என்னும் பொருளுடைய டேனிய மொழிச் சொற்களினின்று பிறந்தது அப்பெயர். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் நெகிழிக் கட்டைகளை அவர் நிறுவனம் 1949இல் செய்யத் தொடங்கியது. அக்கருத்தும் முழுவதும் புதியதன்று; ஆங்கில நாட்டார் ஒருவர் முன்பே செய்திருந்த கட்டைகளைப் பின்பற்றியது. ஆயினும் அவை இறுகப் பற்றி நிற்கவில்லை. உள்ளே குழல்களை அமைத்து அக்குறையைத் தீர்த்த வடிவத்திற்கு 1958இல்தான் உரிமை கோரினர். ஒரு சிறு கட்டை சரியாகப் பற்றி நிற்பதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு தீக்கிரையான பின்னர் அந்நிறுவனம் மரத்தை விட்டொழித்தது. எனினும், நாம் அவர்களிடம் கற்க வேண்டியது நெகிழியை அன்று, விடாமுயற்சியையே.

முதற்பொருள் இல்லையே என்று ஏங்குவோரும் உளர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா என்பார், மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத்து மாவட்டத்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த அறிவியற் கல்விப் பணியில் சேர்ந்தார். சந்தையில் மலிவாகக் கிடைத்த மிதிவண்டி வால்வுக் குழாயைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணமும் சதுரமும் வீடும் கோபுரமும் அமைத்துக் காட்டினார். முக்கோணம் அசையாது நிற்பதையும், சதுரம் சாய்ந்து நெளிவதையும் சிறுவர் தம் விரல்களாலேயே கண்டுகொண்டனர். எறிந்துவிடும் பொருள்களினின்று விளையாட்டுப் பொருள்கள் செய்து காட்டிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தீக்குச்சியும் குழாய்த் துண்டும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக் கடைத்தெருவில் கிடைக்காத பொருள்களா?

கண்டுபிடித்தல் ஒரு பாதி. விற்றல் மறு பாதி. பல நல்ல பட்டறைகள் மூடிக்கிடப்பதற்குக் கைத்திறன் இன்மை காரணமன்று, கணக்கு இன்மையே காரணம் என்பது என் எண்ணம். எடுத்துக்காட்டாக, ஒரு நடைவண்டிக்கு மரம் 150 ரூபாய், அச்சும் ஆணியும் 30 ரூபாய், வண்ணம் 40 ரூபாய், மூன்று மணி நேரக் கூலி 300 ரூபாய் எனக் கொள்வோம். ஆகமொத்தம் 520 ரூபாய். அதனை 520 ரூபாய்க்கே விற்போன் தன் கூலியை மட்டும் பெறுகிறான். உளி தேய்வதற்கும், உடைந்து திரும்பும் வண்டிக்கும், அடுத்த பொம்மையைச் சோதிப்பதற்கும் அவனிடம் காசு இராது. விலையைக் கண்மூடி உயர்த்தினாலோ வாங்குவோர் அகல்வர். ஒரே அளவில் துளையிட உதவும் மாதிரிப் பலகை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, மூன்று மணி வேலையை இரண்டு மணியில் முடித்தால், மிஞ்சும் 100 ரூபாயில் தொழில் வளரும். வணிகம் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு அறிவுகளின் தொகுப்பேயாகும்.

‘மலிவான அயல்நாட்டு நெகிழிப் பொம்மைகளோடு போட்டியிட இயலுமா?’ என்பது அடுத்த ஐயம். பொம்மைகளின் இறக்குமதித் தீர்வையை இந்திய அரசு 2020இல் நூற்றுக்கு 20 என்னும் அளவினின்று 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்திற்று. 2021 சனவரி முதல், விற்கப்படும் பொம்மைகள் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை பெறுதல் வேண்டும் என்னும் ஆணையும் நடைமுறைக்கு வந்தது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்க்கு அவ்வாணையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு எளிய தொழிலாளர்க்கு ஒரு நிழல், அந்நிழலில் உறங்கிவிடலாகாது. அரசு விலக்கு அளிக்கலாம். குழந்தையின் தொண்டை விலக்கு அளிப்பதில்லை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்குரிய பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு குழல் பயன்படுகிறது. அக்குழலுக்குள் முழுவதும் அடங்கும் உறுப்பு எதுவும் அப்பொம்மையில் இருத்தல் கூடாது. சிராய் ஒன்றேனும் கையில் தட்டாதபடி உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். சட்டம் கேளாவிடினும் இவற்றைச் செய்வோனையே தாய்மார் நம்புவர்.

லெகோ நிறுவனத்தின் வரலாற்றில் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி இங்கு எண்ணத்தக்கது. மரவாத்துகளுக்கு மும்முறை மெருகு பூசுதல் அப்பட்டறையின் வழக்கம். ஒருமுறை மகன் இருமுறையே பூசி அனுப்பிவிட்டு, மிச்சம் பிடித்ததாகத் தந்தையிடம் பெருமையுடன் கூறினான். தந்தை அவனைப் புகைவண்டி நிலையத்திற்கு அனுப்பி, அத்தனை வாத்துகளையும் மீட்டுக் கொணர்ந்து மூன்றாம் பூச்சையும் பூசச் செய்தார். வாங்குவோர் காணாத பூச்சில்தான் தொழிலின் மானம் இருக்கிறது.

தாம் அரும்பாடுபட்டு அமைத்த வடிவத்தைப் பிறர் கவர்ந்துகொள்ளாமலும் காத்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதிய வடிவம் ஒன்றைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. பொருள் வெளியில் உலவத் தொடங்குமுன்பே பதிவு செய்தல் இன்றியமையாதது. நடைவண்டியின் பழைய வடிவமோ ஒருவர்க்கே உரியதன்று. நாட்டார் அனைவர்க்கும் பொதுச் சொத்து. பழையதைப் பயன்கொண்டு புதியதைச் சேர்ப்போனுக்கே உரிமை உண்டு.

மாணவர்களே! உங்களுள் சிலர் சிற்பிகளின் மக்களாக இருக்கலாம். சிலர் மலைச்சிற்றூர்களில் பிறந்தவராக இருக்கலாம். உளி பிடித்த தந்தையைக் கண்டு, ‘இத்தொழிலில் இனி என்ன இருக்கிறது?’ என்று எண்ணி நகரத்திற்கு வழி தேடுவோரும் இருக்கலாம். கற்று உயர்வதை எவரும் தடுக்கலாகாது. ஆயினும், கற்ற கல்வியை அந்த உளியோடு சேர்த்துப் பாருங்கள். அளவையும் கணக்கையும் அறிவியலையும் பள்ளி உங்களுக்குத் தருகிறது. கைத்திறனைப் பட்டறை தருகிறது. வீட்டிலுள்ள தம்பியும் தங்கையும் நீங்கள் செய்யும் முதல் பொம்மையைச் சோதிக்கும் அறிஞர்களாவர். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தோர் உலகில் மிகச் சிலரே. அவர்களுள் நீங்களும் உள்ளீர்கள் என்பதை மறவாதீர்கள்.