போடாத சாலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

சிசிலி என்றதும் நம்மில் சிலருக்கு எட்னா எரிமலை நினைவுக்கு வரும். திரைப்படப் பித்துள்ள நண்பர்களுக்கு மாஃபியாக் கூட்டம் நினைவுக்கு வரும். மத்தியதரைக் கடலில் அதைவிடப் பெரிய தீவு வேறில்லை. உல்லாசப் பயணிகள் அத்தீவின் கிழக்குக் கரையிலுள்ள தவோர்மினாவை நோக்கித்தான் படையெடுக்கிறார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றியன்று. தீவின் வடமேற்கு மூலையில், ஸ்கொப்பெல்லோ என்னும் சிற்றூருக்கும் சான் வீட்டோ லோ கப்போ என்னும் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கடற்கரை கிடக்கிறது. அதன் பெயர் ஜிங்காரோ. அங்கே இன்றுவரை மோட்டார்ச் சாலை கிடையாது. இல்லாமற் போனது யாருடைய கவனக்குறைவாலும் அன்று. வேண்டாம் என்று மக்களே சொன்னதால்.

நான் அங்கே போய் வந்தவன் அல்லன். நம் வகுப்பில் பனைக் குடும்பம் பற்றிய பாடம் நடந்த அன்று, ஐரோப்பாவுக்கும் சொந்தமாகப் பனை இனம் உண்டு என்று பேராசிரியர் சொன்னார். பனங்காட்டு ஓரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வியப்பாக இருந்தது. நூலகத்திலும் கைப்பேசியிலுமாகத் தேடிப் போனதில் இந்தக் கரை அகப்பட்டது. கேமரோப்ஸ் ஹியூமிலிஸ் என்பது அந்தப் பனையின் பெயர். ஹியூமிலிஸ் என்றால் தாழ்ந்தது என்று பொருள். பெயருக்கேற்ற குட்டைப்பனைதான், பெரும்பாலும் புதராகவே நிற்கும். ஆனால் ஓலையைப் பார்த்தால் நம் பனையின் தம்பி என்றே சொல்லலாம், அதே விசிறி. அதில் அந்த ஊர் மக்கள் துடைப்பம் கட்டினார்கள், கயிறு திரித்தார்கள், கூடை முடைந்தார்கள். கடல் கடந்தாலும் ஓலை கண்ட இடத்தில் மனிதனின் கை ஒரே வேலையைத்தான் செய்கிறது!

இனிச் சாலைக் கதைக்கு வருகிறேன். அவ்விரண்டு ஊர்களையும் கடலோரமாகவே இணைத்துச் சாலை போடுவதென்று 1970களில் திட்டமிட்டு வேலையையும் தொடங்கினார்கள். ஸ்கொப்பெல்லோ பக்கத்தில் மலையைக் குடைந்து சுரங்கம்கூட வெட்டிவிட்டார்கள். அப்போதுதான் எதிர்ப்பு எழுந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் 3000க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கரையோரமாக நடந்தே சென்று, சாலை வேண்டாம் என்று முழங்கினார்கள். வேலை நின்றது. மறு ஆண்டு மே மாதம் சிசிலியின் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. தீவின் முதல் இயற்கைக் காப்பகமாக ஜிங்காரோ ஆயிற்று.

இதை விடுதியில் சொன்னபோது என் அறைத்தோழன் சிரித்தான். "சாலை கேட்டு மறியல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சாலை வேண்டாம் என்று ஊர்வலமா? வயிறு நிறைந்தவர்கள் வேலை, விடுடா!" என்றான்.

அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் உண்டு. என் அப்பத்தாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை கிடையாது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் வரப்பிலும் கண்மாய்க் கரையிலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடியும்போது கட்டில் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஏற முடிந்ததற்குக் காரணம், பிறகு வந்த சாலையும் அதில் வந்த பேருந்தும்தான். சாலையை மறுத்தவர்களைப் புகழ என்னைவிடத் தகுதியற்றவன் யார்?

ஆயினும் புகழத்தான் போகிறேன்.

அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக இறங்கிக் கடலில் விழுகிறது. இடையிடையே வெள்ளைக் கூழாங்கற்கள் பரவிய சிறு குடாக்கள். செங்குத்துப் பாறைகளில் போனெல்லிக் கழுகு கூடு கட்டுகிறது; இந்தக் கழுகு நம் நாட்டிலும் உண்டு. கரைக்குச் சற்று மேலே ஊட்ஸோ என்னும் பெருங்குகை. அதில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் புதைகுழிகள் கிடைத்தன. வேட்டையாடிக் கொண்டிருந்த மனிதன் மெல்ல மெல்ல மீன்பிடிக்கும் உழவுக்கும் வந்த கதையை, அங்கே குவிந்து கிடந்த எலும்பையும் கிளிஞ்சலையும் கொண்டே அறிஞர்கள் படித்தறிந்தார்கள். இத்தகைய சரிவில் அகன்ற சாலை போட வேண்டுமானால் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய கல்லும் மண்ணும் சரிந்து கடலில்தான் விழும். சாலை மட்டுமா வரும்? அதன் பின்னாலேயே விடுதிகளும் பணக்காரர் மாளிகைகளும் வரும்.

ஆனால் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அந்தக் கரை என்றுமே ஆளில்லாக் காடாக இருந்ததில்லை. குசென்ஸா என்று ஒரு குக்கிராமம் அங்கே இருந்தது. ஒலிவமும் பாதாமும் கோதுமையும் விளைவித்தார்கள், ஆடுமாடு வளர்த்தார்கள். ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் இனிப்புப் பாலை உலர்த்தி விற்றார்கள். அதற்கு மன்னா என்று பெயர். வேதியியல் நண்பர்கள் அறிந்த மானிட்டால் என்னும் பொருளுக்குப் பெயர் தந்தது இதுதான். கடலில் பெருவலை கட்டிச் சூரை மீன் பிடித்தார்கள். வலைக்குத் தலைவனை ராயிஸ் என்று அரபுச் சொல்லால் அழைத்தார்கள். அரபியர் ஒரு காலத்தில் சிசிலியை ஆண்டதன் எச்சம் அது. அந்த மக்கள் யாவரும் போய்விட்டார்கள். அவர்கள் புழங்கிய கலப்பையும் கூடையும் இன்று காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த காலத்தில் ஒரு நல்ல வண்டிப்பாதை போட்டுத் தந்திருந்தால் போயிருப்பார்களா? அவர்களிலும் ஓர் அப்பத்தா இருந்திருக்க மாட்டாளா? இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

என் கட்சி இதுதான். குடியிருப்பவனுக்குப் போடும் சாலை வேறு, வேடிக்கை பார்க்க வருபவனுக்குப் போடும் சாலை வேறு. 1970களில் வந்த திட்டம் குசென்ஸாவின் உழவனைத் தேடி வந்ததன்று. அவன் கேட்டபோது வராத சாலை, அவன் போன பிறகு யாருக்காக வந்தது? கார் வைத்திருந்தவர்களுக்காக வந்தது. அதைத் தடுத்ததில் யார் வீட்டுக் கட்டிலும் திரும்பி வரவில்லை.

"தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்?" என்று மடக்கினான் அறைத்தோழன். நியாயமான கேள்விதான். 2012ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் ஆகஸ்டு மாதத்தில் பெருந்தீ பரவி அந்தச் சரிவுகள் கருகின. சாலை இருந்திருந்தால் தீயணைப்பு வண்டி எளிதில் போயிருக்கும் என்பது உண்மை. ஆனால் சிசிலியின் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வது. வண்டி போகும் வழியில் தீக்குச்சியும் போகுமே! அதோடு, குட்டைப்பனைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஓலை முழுவதும் எரிந்தாலும் குருத்தும் அடியும் பிழைத்துக்கொள்ளும். சில வாரங்களிலேயே கரிக்கட்டையின் நடுவிலிருந்து பச்சை விசிறி எட்டிப் பார்க்கும். தாவரவியல் மாணவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நடந்துதான். ஸ்கொப்பெல்லோ பக்கமாகப் போகிறவர்கள் முதலில் அந்தப் பழைய சுரங்கத்தைத் தாண்ட வேண்டும். மோட்டார் வண்டிகளுக்கென்று குடைந்தது அது. மறுபக்கம் வெளியே வந்தால் சாலை இல்லை. ஒற்றையடிப் பாதையும், அதன் இருமருங்கிலும் குட்டைப்பனையும்தான். என்றைக்காவது அந்தச் சுரங்கத்தின் வழியே நடக்க வேண்டுமென்று ஆசை வைத்திருக்கிறேன். அறைத்தோழனும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் அவன் மலையைச் சுற்றிக்கொண்டு காரில் வந்து சான் வீட்டோவில் எனக்காகக் காத்திருப்பானாம்.