உயரமா, வேரா?

1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வன மகோத்சவம் இன்றும் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் கொண்டாடப்படுகிறது. அப்போது மரக்கன்று வாங்க நாற்றுப்பண்ணைக்குச் செல்வோருள் பலர், மிக உயர்ந்த கன்றையே விரும்பிக் கேட்கின்றனர். இது நல்ல தேர்வு அன்று.

செம்மண், மணல், தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பிய சிறு நெகிழிப் பையில் வேப்பங்கன்று வளர்கிறது. அதன் ஆணிவேர் நேராகக் கீழிறங்கும் இயல்புடையது. பையின் அடியைத் தொட்டதும் வழியின்றி வளையும். பின்னர்ப் பையின் உட்புறத்தை ஒட்டிச் சுருளும். நெடுநாள் அப்பையிலேயே நின்ற கன்று உயரமாகத் தோன்றினும், அதன் வேர் சுருண்டிருக்கும். நிலத்தில் நட்ட பின்னும் அச்சுருள் எளிதில் நிமிராது. அத்தகைய மரம் ஆழத்து நீரை எட்டாது கோடையில் வாடும். பெருங்காற்றில் சாயவும் கூடும்.

"சிறு கன்றை ஆடுமாடுகள் மேய்ந்துவிடுமே!" என்பர் சிலர். உண்மையே. ஆயினும், அத்தீங்கை ஒரு முள்வேலி தடுக்கும். சுருண்ட வேரை எவ்வேலியும் காக்காது. ஆகவே, உயர்ந்த கன்றை விரும்புவோர், அது உரிய காலத்தில் பெரிய பைக்கு மாற்றப்பட்டதா எனக் கேட்டறிதல் வேண்டும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. ஐந்தில் வளைந்த வேரோ, ஐம்பதிலும் நிமிராது.