தாங்கி நிற்கும் கைகள்



இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் இலையுதிர் காலத்து மழை பெய்து நீர் கலங்கியதும், தூண்டிற்காரர் பார்பெல் மீனை நாடிச் செல்வர். கெண்டை இனத்ததான இம்மீன், நான்கு மீசை இழைகளால் ஆற்றின் அடித்தரையைத் தடவி, குளிர்காலத்திற்கு முன் வயிறார இரை தேடும். 1956-இல் கென்னட் ஆற்றிலிருந்து கொணர்ந்து செவர்னில் விடப்பட்ட மீன்கள் அங்குப் பெருகின.

தூண்டிலில் சிக்கினால் வலுவெல்லாம் தீரும்வரை போராடுவது இதன் இயல்பு. பிடித்தவர் இதனை உண்பதில்லை. மீண்டும் ஆற்றிலேயே விடுவர். ஆனால் களைத்த மீனை அப்படியே எறிந்தால், அது கவிழ்ந்து மடியக்கூடும். ஆகவே நல்ல தூண்டிற்காரர் அதன் தலையை நீரோட்டத்திற்கு எதிராக வைத்து, இரு கைகளாலும் தாங்கி நிற்பார். செவுள்களில் நீர் பாய்ந்து, வலிமை திரும்பி, அது தானே வாலடித்து விலகும்வரை, கைகள் குளிரில் விறைத்தாலும் விடமாட்டார்.

நாமோ பிள்ளையைக் கண்டிக்கிறோம், வாழ்க்கைத் துணையைச் சொல்லால் வெல்கிறோம், வென்றதும் விலகிவிடுகிறோம். துவண்ட உள்ளத்தைத் தாங்குவார் யார்? தம்மை மும்முறை மறுதலித்த பேதுருவுக்கு ஆண்டவர் திபேரியக் கடலருகே உணவளித்து, அன்பைக் கேட்டு, மீண்டும் நிமிரச் செய்தாரன்றோ!

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், நாம் கடிந்துகொண்டவர் அருகே சற்று நேரம் அமர்வோமாக.