கடற்கரை காணுமுன் காலடியைக் காண்க!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் திண்டுக்கல்லினின்றும் அதன் சுற்றூர்களினின்றும் சுற்றுலாப் பேருந்துகள் கடற்கரை நோக்கிப் புறப்படுகின்றன. பூம்புகார், தரங்கம்பாடி, தனுக்கோடி எனச் சிதைந்த பட்டினங்களைப் பார்த்து வருதல் நல்ல வழக்கமே. தமிழன் கடலாண்ட வரலாற்றை அவன் மக்கள் கண்ணாரக் காணத்தான் வேண்டும். ஆயின், அப் பழம் பட்டினங்களிற் குவிந்த செல்வம் எவ்வழியே வந்தது என்று கேட்டால் அப்பிள்ளைகட்கு விடை தெரியாது. துறைமுகம் ஒரு வாயில். வாயிலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைக் காணாமல் திரும்புவாரை என்னென்பது?

அவ்வீட்டின் ஒரு பகுதி திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளது. பழனிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்த பொருந்தலே அது. சேரநாட்டுக் கடற்கரையையும் மதுரையையும் இணைத்த பழம் பெருவழி இதனையொட்டிச் சென்றது. கழகப் புலவர் பொருந்தில் இளங்கீரனார் இவ்வூரினர் என்பர். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் இங்கு அகழாய்வு செய்தார். வாழிடத்தில் ஈராயிரத்திற்கு மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. மணி செய்த உலையும் வெளிப்பட்டது. ஈமக்குழி ஒன்றிலோ நாற்காற் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவினது எனக் கரிமக் கணிப்புக் காட்டிற்று.

தமிழெழுத்து அசோகன் காலத்திற்குப் பின்னரே தோன்றியதென எழுதி வந்தோர் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று. ஒரு குழியின் நெல்லைக்கொண்டு முடிவு கட்டலாகாது என மறுப்பாரும் உளர். மறுக்கட்டும்! அம்மறுப்பை எடைபோடுதற்கேனும் தமிழிளைஞன் அவ்விடத்தை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

திண்டுக்கல்லார் பலர்க்குத் தம் ஊர் வரலாறு மலைக்கோட்டையிலேயே தொடங்குகின்றது. அக்கோட்டையோ 1605 இல் நாயக்கராட்சியில் எழுந்தது. அதற்கும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இம்மாவட்டத்தில் நெல் விளைவித்து, இறந்தார்க்குப் படைத்து, எழுத்துப் பொறித்து வாழ்ந்த மக்களை மறந்துவிட்டுக் கோட்டை மதிலை மட்டும் சுற்றி வருவது அறியாமையாகும். 2015 இல் தொடங்கிய கீழடி அகழாய்வு தமிழரைத் தட்டியெழுப்பிற்று. அதற்கு ஐந்தாண்டு முன்பே பொருந்தல் பேசியது, கேட்டவர் சிலரே.

ஆசிரியர்கள் முதலிற் பொருந்தலுக்கும், பின்னர்க் கொற்கைக்கும் அரிக்கமேட்டிற்கும் மாணவரை அழைத்துச் செல்க. அரிக்கமேட்டிலும் மணி செய்தனர். உள்நாட்டு உலையையும் கடற்கரைப் பட்டறையையும் ஒருங்கே கண்ட பிள்ளைக்கே பண்டைத் தமிழ் வணிகம் முழுமையாய் விளங்கும். அரசு இவ்வூர் வரலாற்றை அவ்விடத்திலேயே நல்ல தமிழில் எழுதி நிறுத்துக. மேடுகள் வயலாகவும் மனையாகவும் மாறுமுன் அவற்றைக் காத்தல் ஊரார் கடன். ஒருமுறை உழுது கலைத்த மண்ணடுக்கை எந்த அறிஞராலும் மீண்டும் அடுக்க இயலாது.